புளிப்பை மட்டும் அறிந்த வெளிச்சம்

ஆகஸ்ட் 3

எலிக்கு,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: உன் சித்தியின் நாக்கு இனி வழக்கமான நீளத்தில் இயங்காது.

சிரிக்காதே, கோபமாகத்தான் எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அரை நாள் தாமதமாக வரும் வண்டியைக்கூட எரிச்சல் தெரியாமல் அறிவித்துப் பழகிப்போனவள் நான். என் கோபம் மரியாதையாகத்தான் வெளியே வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

இன்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் அம்மாவும் கூட வந்தாள். அக்கா என்பதால் முதலில் அழும் உரிமை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள் போல. உட்காரும் முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“புண்ணு சின்னதாத்தான் தெரியுது. ஆனா ஸ்கேன்ல எல்லை சரியா தெரியல. அந்தச் சாயம் போட்டுப் பார்த்தப்போ இடது பக்கம் முழுக்க வெளிச்சம் வந்திருக்கு. கொஞ்சமா எடுத்துட்டு, அப்புறம் விட்டுப்போச்சேன்னு நான் கையைப் பிசைய முடியாதும்மா. பாதிக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்.”

“அப்புறம் நான் பேசறது?”

“பேசலாம். பழகினவங்களுக்குப் புரியும்.”

பழகினவங்களுக்கு! நடைமேடையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் எனக்குப் பழகினவர் யார்?

அந்தச் சாயம் உன்னுடையது. “புதுசா ஒண்ணு பண்ணியிருக்கோம் சித்தி, வாயில ஊத்திக் கொப்பளிச்சாப் போதும், வலியே கிடையாது” என்று என்னை அந்தச் சோதனைக்கு அழைத்தது நீ. அதற்காக ரயிலேறி வந்ததும் நீ. நீல விளக்கை என் வாய்க்குள் காட்டினார்கள். திரையில் என் நாக்கு பச்சையாக மின்னியது. நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாய். அப்புறம் வந்து, “சரி சித்தி, நான் கிளம்பறேன்” என்றாய். வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பச்சை நல்லதா கெட்டதா என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று ஒரு வெளியாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபோன் செய்யாதே. பேசினால் புண் வலிக்கிறது. பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை. செல்போனில் எழுதினால் நீ இரண்டு சொல்லில் பதில் போட்டுத் தப்பித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். மாலை வண்டியின் கார்டு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் ஊர்ப் பார்சல் ஆபீஸில் வாங்கிக்கொள். பதிலையும் அங்கேயே கொடு.

அறுவை சிகிச்சை இந்த மாதம் 21ஆம் தேதி. நீ வர வேண்டாம்.

சித்தி

---

ஆகஸ்ட் 5

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் வந்தது. பார்சல் ஆபீஸில் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, “அறிவிப்பு மேடத்தோட பொண்ணா?” என்று கேட்டுக் கொடுத்துவிட்டார்கள். மகள் இல்லை என்று திருத்தத் தோன்றவில்லை.

சோதனைக்கு வருபவர்களிடம் முடிவைச் சொல்ல டாக்டருக்கு மட்டும்தான் அனுமதி. ஆய்வகத்திலிருந்து வரும் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. யாரும் பயந்துபோகக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அதனால்தான் வெளியே போனேன்.

நாங்கள் செய்திருப்பது என்ன என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். புற்றுநோய் செல்களுக்குப் பொறுமை கிடையாது. மற்ற செல்கள் சர்க்கரையை நிதானமாக முழுசாக எரித்துக்கொள்ளும்போது, இவை அரைகுறையாக எரித்து மிச்சத்தை அமிலமாக வெளியே கொட்டும். அதனால் அவற்றைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் புளிப்பு இருக்கும். எங்கள் சாயம் சாதாரண இடத்தில் சும்மா இருக்கும். புளிப்பு பட்டால் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத எல்லையை அறுவை மேசையிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் நோக்கம்.

இதுவரை நிறையத் திசுத் துண்டுகளில் பார்த்துவிட்டோம். அவை டப்பாக்களில் எண் ஒட்டி வரும். உப்பு நீரில் அலசி, சாயம் தொட்டு, விளக்கின் கீழே வைப்போம். பிறகு மருத்துவமனையில் அதே துண்டை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதோடு ஒப்பிடுவோம். பெரும்பாலும் பொருந்தியிருக்கிறது. மனிதர்களுக்கு வாயில் கொப்பளிக்கக் கொடுப்பதை இந்த வருடம்தான் தொடங்கினோம்.

டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்கள். பேச்சைவிட நீங்கள் முக்கியம்.

எலி

---

ஆகஸ்ட் 7

எலிக்கு,

உன் கடிதத்தை முதலில் சித்தியாகப் படித்தேன். பிறகு அறிவிப்பாளராகப் படித்தேன். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

பேச்சைவிட நான் முக்கியமா? என்னைப் பேச்சிலிருந்து பிரித்து எந்தத் தராசில் வைத்துப் பார்த்தாய்? கல்லூரிக்கு என் வீட்டில் தங்கிப் போய்வந்தாயே, அத்தனை வருடமும் நீ ஒரு மூலையில் புத்தகத்துக்குள் கிடந்தாய், நான் பேசிக்கொண்டே இருந்தேன். உனக்கு எலி என்று பெயர் வைத்ததே அதனால்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசினேன். “உனக்கு நாக்கு நீளம், எவன் கட்டிக்குவான்” என்று உன் தாத்தா திட்டுவார். ஒருவனும் கட்டிக்கொள்ளவில்லை, நாக்கு மட்டும் கூடவே இருந்தது. இப்போது அதற்கும் ஆள் வந்துவிட்டார்கள்.

நேற்று வேலைக்குப் போனேன். வலித்தாலும் போனேன். டிக்கெட் கவுண்டர்க்காரி வந்து, “இன்னிக்கு வேற யாராவது பேசட்டுமே, நீ ரெஸ்ட் எடேன்” என்றாள். “நான் ரெஸ்ட் எடுத்தா வண்டி எந்த பிளாட்பாரம்னு நீயா போய்க் கத்துவே?” என்றேன். அப்புறம் ஒவ்வொரு வண்டியையும் மெதுவாக, ஒவ்வொரு ஊராக, அந்த ஊர்க்காரர்களையெல்லாம் வழியனுப்புவது போலச் சொன்னேன். சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டார். “ஏம்மா, வண்டியே கிளம்பிடுச்சு, நீங்க இன்னும் ஊர்ப் பேரு சொல்லிட்டு இருக்கீங்க.”

விதி என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். அன்று காலை என்னைக் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டு, “இதோ வந்துடறேன் சித்தி” என்று உள்ளே போனாயே, அதுவும் விதியா? நீ வரவேயில்லை. அந்த அறையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். பையில் என் எலுமிச்சை மிட்டாய் இருந்தது. மைக்கில் பேசுகிறவர்களுக்கு வாய் உலரக்கூடாது என்று பழகிய பழக்கம், உனக்குத்தான் தெரியுமே. ஒன்றை எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். வலது பக்கம் மைக், இடது பக்கம் மிட்டாய், அதுதான் என் கணக்கு. புண்ணில் பட்டுச் சுரீரென்று எரிந்தது. பயத்துக்கு அந்த எரிச்சல் எவ்வளவோ தேவலை. அது கரைந்ததும் இன்னொன்று.

நர்ஸ் வந்து, “காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?” என்றாள்.

“பல்லுல பச்சத் தண்ணி படல” என்றேன். மிட்டாய் சாப்பாட்டில் சேர்த்தியா? கொப்பளிக்கச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குத் தெரியாமல் செய்வது போல அதை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நீ உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்று துணைக்கு இருந்தது அந்த மிட்டாய்தான். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ திரும்பி வருவாய் என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி

---

ஆகஸ்ட் 8

சித்தி,

இடது பக்கமா? நிச்சயமாக இடது பக்கமா? கொப்பளிக்கும்போதும் வாயில் இருந்ததா?

ஃபோன் செய்யாதே என்றீர்கள், செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மிட்டாய்னாலயா புத்துநோய் வந்துச்சு?” என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அதனால் காகிதத்துக்கே திரும்பினேன்.

எலுமிச்சை மிட்டாயில் இருப்பதும் அமிலம்தான். எங்களிடம் வரும் திசுக்கள் மிட்டாய் சாப்பிடுவதில்லை, சித்தி. டப்பாவைத் திறந்ததும் அலசிவிடுவோம். அலசிய துண்டுகளையே பார்த்துப் பார்த்து, நாக்கு என்பது ஒரு ஆளின் வாய்க்குள் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோம். கொப்பளிப்பதற்கு முன் வாயைக் கழுவ வேண்டும் என்று ஒரு வரி, நாங்கள் எழுதிய விதிகளில் எங்கும் இல்லை. இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். அறுவைத் தேதியை மாற்றவில்லை, அதற்கு முன் மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றார். அந்த மிட்டாயில் ஒன்று அனுப்புங்கள்.

எதையும் இப்போதே நம்பத் தொடங்கிவிடாதீர்கள். உங்களுக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

எலி

---

ஆகஸ்ட் 9

எலிக்கு,

உன் அம்மா என் வீட்டிலிருந்த மிட்டாய்களையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டாள். அவள் கையிலிருந்து தப்பிய ஒன்று இத்துடன். உன் அத்தனை படிப்பையும் கவிழ்த்தது இதுதானா என்று நீயே பார்த்துக்கொள்.

இரவெல்லாம் தூக்கமில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போக மறுக்கிறது.

எங்கள் முதல் நடைமேடையில் ஒரு கடிகாரம் உண்டு. ஒரு சமயம் அது தாறுமாறாக ஓடியது. வண்டி போய்விட்டது என்று அது காட்டினால், “இது கெட்டுப்போன கடிகாரம்பா” என்பார்கள். இன்னும் நேரமிருக்கிறது என்று காட்டினால் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அப்படி உட்கார்ந்து வண்டியைத் தவறவிட்டவர்கள் என்னிடம் வந்துதான் சண்டை போடுவார்கள்.

மறுபடி விளக்கைக் காட்டுவாய். வெளிச்சம் சின்னதாக இருந்தால் டாக்டரம்மா குறைவாக வெட்டுவார். முதலில் தப்பாகச் சொன்ன வெளிச்சத்தை, எனக்குப் பிடித்ததைச் சொல்லும்போது மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்? நாக்குக்கு ஆசைப்பட்டு உயிரை விட்ட கதையாகிவிட்டால்?

இதற்கு நேராகப் பதில் எழுது. “டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்கள்” என்று எழுதினால், சோதனைக்கு வரமாட்டேன். பாதியை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

சித்தி

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள சித்திக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் அனுப்பிய மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சாயத்தால் கொப்பளித்து, விளக்கின் முன் உட்கார்ந்தேன். திரையில் என் நாக்கின் இடது பக்கம் பளீரென்று பச்சை. எனக்கு ஒரு நோயும் இல்லை, சித்தி. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

“யாரைக் கேட்டு இதை வாயில ஊத்தினே?”

“யாரையும் கேக்கல சார்.”

“அறிவிருக்கா உனக்கு? ஒரு விதி, ஒரு அனுமதி ஒண்ணும் கிடையாதா?” அப்படியே திரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மிட்டாய் இன்னும் இருக்கா?” என்றார்.

நான் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். மாலைக்குள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் நாக்கு பச்சை. அனுமதி பிறகு எழுதி வாங்கினோம் என்பதை நீங்கள் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, சமையல் சோடா கரைத்த நீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, காத்திருந்து, மறுபடி சாயம் விட்டோம். எல்லா நாக்கும் இருட்டு. அதே சோடா நீரால் ஒரு புற்றுநோய்த் துண்டையும் கழுவினோம். முதலில் மங்கியது. சர்க்கரை நீர் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தோம். திரும்ப ஒளிர்ந்தது. இன்னொரு துண்டு, பிறகு இன்னொன்று. எல்லாமே திரும்பின.

இதுதான் என் பதில். வெளியிலிருந்து கொட்டிய புளிப்பு கழுவினால் போய்விடும். உள்ளிருந்து ஊறும் புளிப்பு கழுவினாலும் திரும்ப வரும். முதல் சோதனையில் இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பார்த்தோம். இப்போது பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குச் சாதகமாக இருப்பதால் அதை நம்பச் சொல்லவில்லை. பாதகமாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சாயத்துக்குப் புற்றுநோயைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது புளிப்பு மட்டும்தான். ஒரு சொத்தைப் பல், ஒரு வீக்கம், பழுத்த காயம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒளிரும் இடத்தை வெட்டிப் பார்த்து ஒரு மனிதர் சொல்லும் வரை அது வெறும் சந்தேகம். இந்த உண்மையை எங்கள் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறோம். ஏற்கெனவே வந்துபோனவர்களையும் மறுபடி அழைக்கப் போகிறோம். அவர்களில் யார் என்ன அடக்கிக்கொண்டிருந்தார்களோ, தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக, நான் ஏன் வெளியே போனேன் என்பது. விதி என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை.

உங்கள் நாக்கு திரையில் வந்தபோது, இந்த வருடத்தில் அவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பிரகாசம், அவ்வளவு சுத்தமான ஓரம். எனக்குச் சந்தோஷம் வந்தது, சித்தி. கை தட்டலாம் போல. ஒரு நொடிதான். அடுத்த நொடி அது யாருடைய வாய் என்று உறைத்தது. அந்த முகத்தோடு உங்கள் பக்கம் திரும்ப முடியவில்லை. அதனால் கதவைத் திறந்தேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீங்கள் நேராகப் பதில் கேட்டீர்கள்.

எலி

---

ஆகஸ்ட் 15

எலிக்கு,

இந்த முறை நீ வெளியே போகவில்லை.

நீ ரயிலேறியதும் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். சோடாத் தண்ணீரில் அத்தனை முறை கொப்பளித்தால் யாருக்குப் பேச்சு வரும்? துணி துவைக்கிற மாதிரி அல்லவா என்னைத் துவைத்தார்கள்!

விளக்கைக் காட்டியபோது நான் திரையைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ முதலில் மூச்சை விட்டாய். அப்புறம் அந்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டாய். டாக்டரம்மா கேட்டார்:

“பின்னாடி அடியில, வலது ஓரத்துல, அது என்ன?”

“தெரியல டாக்டர்.”

“உங்க சாயம்தானே?”

“சாயம் எங்களுதுதான். அது புளிப்புன்னு சொல்லுது. என்ன புளிப்புன்னு தெரியல.”

பிறகு நீ என் பக்கம் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, முன்னாடி சின்னதாயிடுச்சு. புண்ணைச் சுத்தி மட்டும்தான். ஆனா பின்னாடி புதுசா ஒண்ணு இருக்கு, மிளகு அளவு. போன தடவை இடது பக்கம் அடிச்ச வெளிச்சத்துல இது தெரியாமப் போயிருக்கு. கழுவியும் போகல. எடுத்துப் பாக்கணும்” என்றாய். விதியை மீறித்தான் சொன்னாய். டாக்டரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டார், நல்ல மனுஷி.

அந்தப் பொட்டை விட்டுவிடலாமே என்று கேட்க வாயைத் திறக்கப் பார்த்தேன். வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அதனால் பிழைத்தேன்.

இன்னொரு விஷயம். நீ சந்தோஷப்பட்டதாக எழுதியிருந்தாயே. பல வருடத்துக்கு முன், ஒரு வண்டி வழியில் தடம் புரண்டு நின்றுவிட்டது. யாருக்கும் பெரிதாக அடியில்லை என்று அப்புறம் தெரிந்தது, ஆனால் அறிவிக்கும்போது அது தெரியாது. நடைமேடை முழுக்க அந்த வண்டிக்காகக் காத்திருந்தவர்கள். நான் மைக்கை எடுத்தேன். குரல் நடுங்கவேயில்லை. ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி விழுந்தது. கீழே ஒரு பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேலேயிருந்து அவளைப் பார்த்தபடி, ‘இன்னிக்குக் குரல் எவ்வளவு நல்லா வந்தது’ என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலையில் கை தேர்ந்தவர்களுக்கு வருகிற வியாதி போல. அதற்குச் சாயம் எதுவும் கண்டுபிடித்துவிடாதே.

பின்னாலிருந்து எடுத்த துண்டின் முடிவு இரண்டொரு நாளில் வரும். காத்திருக்கிறேன். அறுவையன்று நீ வரலாம்.

சித்தி

---

ஆகஸ்ட் 17

அன்புள்ள சித்திக்கு,

காத்திருக்கும்போது உங்களுக்கு ஏதாவது வேலை வேண்டும். ஒன்று தருகிறேன்.

சோதனைக்கு வருபவர்களுக்கான அறிவிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறோம். காத்திருக்கும் அறையில் ஒட்டப் போகிறோம். பேராசிரியர் எழுதியது இது: “பரிசோதனைக்கு முன்னர் வாய்வழியாக எப்பொருளையும் உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும்.”

சரியாக இருக்கிறதா?

அந்தத் துண்டு என்ன சொல்லும் என்று என்னைக் கேட்காதீர்கள். வெறும் வீக்கமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்படியென்றால் என் சாயம் இரண்டாவது முறையும் தவறு. என் வேலை தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் முறை.

எலி

---

ஆகஸ்ட் 19

எலிக்கு,

உன் வேண்டுதல் பலிக்கவில்லை. பின்னால் இருந்ததும் அதுதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்களாம். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். முன்னால் புண்ணைச் சுற்றி ஒரு துண்டு, பின்னால் ஒரு சிட்டிகை. “பாதியெல்லாம் வேண்டாம். முதல்ல நினைச்ச மாதிரி இடது பக்கத்தை மட்டும் எடுத்திருந்தா, இந்தப் பின்னாடி உள்ளதை விட்டிருப்பேம்மா” என்றார். அவர் கை பேனாவை மூடி மூடித் திறந்தது.

ஆக, நல்ல பாதியை வெட்டிவிட்டு, கெட்டதை உள்ளேயே விட்டுத் தைத்திருப்பார்கள். இரண்டு மிட்டாயால். இதை நினைத்து நான் நேற்று நன்றாக அழுதேன், இன்று கொஞ்சம் சிரித்தேன். உன் அம்மா இரண்டுக்கும் அழுதாள்.

இனி உன் அறிவிப்பு. உன் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, அதைக் கிழித்துப் போடச் சொல். மிட்டாயை யாரும் “உட்கொள்வதில்லை”. அடக்கிக்கொள்கிறார்கள். “எப்பொருளையும்” என்றால் யாருக்கும் தன் பையில் இருப்பது ஞாபகம் வராது. அதோடு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்கள் சுவரைப் படிப்பதில்லை. நான் படிக்கவில்லை. குரல் கேட்டால்தான் தலையைத் தூக்குவார்கள்.

அதனால் இன்று மதியம் வண்டி இல்லாத நேரம் பார்த்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றைப் பதிவு செய்தேன். ஸ்டேஷன் மாஸ்டரே கதவைச் சாத்திக் காவல் நின்றார். வாயின் வலிக்கு நடுவே வந்த குரல், ஆனாலும் என் குரல்தான். பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது கேள்.

நாளை மருத்துவமனையில் சேர்கிறேன். டிக்கெட் கவுண்டர்க்காரி கேட்டாள், “பயமா இருக்கா?” “இருக்கு, ஆனா கன்னம் காலியா இருக்கு, அதுதான் கஷ்டம்” என்றேன்.

சித்தி

---

செப்டம்பர் 6

அன்புள்ள சித்திக்கு,

வார்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் நீங்கள் சிலேட்டில் எழுதினீர்கள், நான் பேசினேன். நம் வீட்டில் இப்படி நடந்ததேயில்லை. நிறையப் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். நீங்கள் சிலேட்டில் “எலிக்கு வாய் வந்துவிட்டது” என்று எழுதி நர்ஸிடம் காட்டியதை மறக்கமாட்டேன்.

நேற்று மறுபடி உங்கள் ஊர் மருத்துவமனைக்கு வந்தேன், முன்பு சோதித்தவர்களைத் திரும்பப் பார்ப்பதற்காக. நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள், எழுப்ப வேண்டாம் என்றேன். காத்திருக்கும் அறையில் எல்லோருக்கும் பின்னால், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது சரி, நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. அன்று நான் திரும்பி வந்திருக்க வேண்டிய கதவு, உங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது.

அப்போது உங்கள் குரல் வந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீங்கள் சரியான இடத்திற்குத்தான் வந்திருக்கிறீர்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். வாயில் மிட்டாய், பாக்கு, ஏலக்காய், எதை அடக்கிக்கொண்டிருந்தாலும் இப்போதே துப்பிவிட்டு, நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அவர் திட்டமாட்டார். திட்டினால் என்னிடம் சொல்லுங்கள்.”

எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம், “நம்ம ஸ்டேஷன் அம்மா குரல் மாதிரி இருக்குல்ல?” என்றார். பிறகு மெல்லக் கைக்குட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அவர் என்ன துப்பினார் என்று நான் பார்க்கவில்லை. அவருடைய வெளிச்சம் சின்னதாகத்தான் இருந்தது.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு இடத்தில் பெரிய தவறு செய்தது, இன்னொரு இடத்தில் யாரும் பார்க்காததைப் பார்த்தது. இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்தது, அதே வெளிச்சத்தோடு. ஆய்வகத்தில் இப்போது எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திரையில் படம் வரும்போதெல்லாம், முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை கொஞ்சம் தாமதமாகிறது. பேராசிரியர் முணுமுணுக்கிறார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறீர்களா?

எலி

---

செப்டம்பர் 15

எலிக்கு,

பயிற்சிக்குப் போகிறேன். பயிற்சி தருகிற பெண் உன்னைவிடச் சின்னவள். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, நாக்கை நீட்டு, மடக்கு, மேலே தொடு என்கிறாள். சில எழுத்துகள் வந்துவிட்டன. சில இன்னும் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கின்றன. ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பழகுகிறேன். சில ஊர்கள் தெளிவாக வருகின்றன. சில ஊர்களுக்கு இப்போதைக்கு வண்டி இல்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். மைக்கில் வேறு ஒரு பெண் இருந்தாள், நன்றாகத்தான் சொல்கிறாள், கொஞ்சம் அவசரம். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒரே ஒரு வண்டி சொல்லுங்கம்மா” என்றார். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். முதலில் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று தோன்றியது.

வரும்போது, உன் அம்மா உனக்கு எழுதியிருந்த கடிதத்தைக் கார்டு அண்ணனிடம் நானே கொடுத்தேன். “எலிக்கு” என்று வாயால் சொன்னேன். “யாருக்கு?” என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டார். பாவம், அவருக்குத்தான் வியர்த்துப்போனது. மூன்றாம் முறை புரிந்தது, கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார்.

நாளை சாயங்காலம் உனக்கு ஃபோன் செய்வேன். எடு. நான் சொல்வது புரியாவிட்டால் புரிந்தது போல ‘ம், ம்’ கொட்டாதே, எனக்குத் தெரிந்துவிடும். “என்ன சித்தி?” என்று கேள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேள், நான் திரும்பச் சொல்கிறேன்.

எழுந்து வெளியே மட்டும் போய்விடாதே.

சித்தி